கேம் வாங்கும் முன் பிஸ்டன்–வால்வு இடைவெளி: லிஃப்ட் குறைவான கேம்தான் பாதுகாப்பா?

நாலுசிலிண்டர்:
வணக்கம். 4 சிலிண்டர், 8 வால்வு, ஒற்றை ஓவர்ஹெட் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, ஹெட்டின் மேலேயே), ஸ்க்ரூ வைத்த ராக்கர். போர் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 88, கனெக்டிங் ராட் சென்டர் டு சென்டர் 150. வால்வுகள் சிலிண்டருக்கு நேராக நிற்கின்றன, சாய்வு இல்லை. ஹெட் 0.3 மி.மீ. பிளேன் பண்ணியாச்சு (அடிமுகத்தைச் சீவியாச்சு). கம்ப்ரஷன் 10.5.

இரண்டு கேம்களில் ஒன்றை வாங்கணும். ஒவ்வொரு கேமிலும் இன்லெட் லோபும் (வால்வைத் தள்ளும் மேடு) எக்ஸாஸ்ட் லோபும் ஒரே வடிவம்.
அ: வால்வு லிஃப்ட் (திறக்கும் உயரம்) 11.4 மி.மீ., 1 மி.மீ. லிஃப்டில் டியூரேஷன் (வால்வு அதற்கு மேல் திறந்திருக்கும் கிராங்க் கோணம்) 224 டிகிரி, லோப் செபரேஷன் (இரு லோப் உச்சிகளுக்கு இடையே கேம் கோணம்) 112.
ஆ: லிஃப்ட் 10.4, டியூரேஷன் 236, லோப் செபரேஷன் 106.

வால்வு பிஸ்டனில் இடிக்கக் கூடாது என்பதால், லிஃப்ட் குறைவான 'ஆ' பக்கம் சாய்ந்திருக்கிறேன். சரியா?

கேம்கணக்கு:
தலைகீழாக யோசிக்கிறீங்க. இடிக்கும் ஆபத்து 'ஆ'வில்தான் அதிகம்.

இன்லெட் வால்வு முழு லிஃப்டுக்கு வருவது டிடிசிக்குப் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) பின் 106 அல்லது 112 டிகிரியில். அந்த நேரம் பிஸ்டன் பாதி வழிக்கும் கீழே போயிருக்கும். அங்கே லிஃப்ட் 10 ஆனாலும் 12 ஆனாலும் பிஸ்டனுக்குக் கவலையில்லை. சண்டை நடப்பது ஓவர்லாப்பில், எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து இன்லெட் தொடங்கும் டிடிசியைச் சுற்றி. அங்கே வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே கேள்வி.

கேம் கார்டை (கேமின் அளவுச் சீட்டு) வைத்தே பார்க்கலாம். 'அ': 224-ல் பாதி 112. லோப் சென்டரும், அதாவது முழு லிஃப்ட் புள்ளியும், 112-ல். ஆகவே பிஸ்டன் டிடிசியில் நிற்கும்போது இன்லெட் சரியாக 1 மி.மீ. திறந்திருக்கும். 'ஆ': 236-ல் பாதி 118, லோப் சென்டர் 106. வித்தியாசம் 12. அதாவது டிடிசிக்கு 12 டிகிரி முன்பே 1 மி.மீ. திறந்துவிட்டது, டிடிசி வரும்போது 2 மி.மீ.க்கு மேல் போயிருக்கும். உச்ச லிஃப்ட் 1 மி.மீ. குறைவான கேம், டிடிசியில் இரண்டு மடங்கு திறந்து நிற்கிறது.

டியூரேஷன், லோப் செபரேஷன், அட்வான்ஸ் (கேமை முன்னதாகத் திறக்கும்படி திருப்பி வைப்பது), லோப் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, இந்த நாலும்தான் இடைவெளியைத் தின்பவை. உச்ச லிஃப்ட் ஸ்பிரிங்கின் கவலை.

நாலுசிலிண்டர்:
அப்போ கேம் கையில் வருவதற்கு முன்னாடியே என் இன்ஜினில் எது உட்காரும்னு தெரிஞ்சுக்க வழி இருக்கா? வாங்கிப் போட்டுப் பார்த்து திருப்பிக் கொடுக்கிற கதை வேண்டாம்.

டயல்கேஜ்:
இருக்கு. கேமே இல்லாமல் அளக்கலாம்.

1-வது சிலிண்டரின் இரண்டு வால்வுக்கும் ஒரிஜினல் ஸ்பிரிங்கைக் கழற்றிட்டு, விரலால் அமுக்கினா இறங்குகிற மாதிரி லேசான ஸ்பிரிங் போடுங்க. ரிடெய்னரும் காலட்டும் (ஸ்பிரிங்கை வால்வுத் தண்டில் பிடிக்கிற தட்டும் பூட்டும்) பழையபடியே இருக்கணும், இல்லாட்டி வால்வு சிலிண்டருக்குள்ளே விழும். நீங்க கடைசியில் போடப்போகும் அதே வகை ஹெட் கேஸ்கெட், ஏற்கனவே டைட் பண்ணி அமுங்கினதா வச்சு, ஹெட்டை டார்க் பண்ணுங்க (குறித்த முறுக்கு அளவுக்கு இறுக்குங்க). ராக்கர் ஷாஃப்ட் வேண்டாம்.

அடுத்தது உண்மையான டிடிசி. புல்லியில் இருக்கிற குறியை நம்பாதீங்க. டயல் கேஜை பிஸ்டன் மேல் வச்சுப் பார்த்தாலும் உச்சியில் ஓரிரு டிகிரிக்கு முள் பெருசா அசையாது. பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப்பர் மாட்டி, கிராங்கை மெதுவா ஒரு பக்கம் சுத்தி இடிக்கும் இடத்தில் டிகிரி வீலைப் (கிராங்கில் மாட்டுற கோணத் தட்டு) படிங்க. மறுபக்கம் சுத்தி அங்கேயும் படிங்க. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் டிடிசி. இங்கே 2 டிகிரி தப்பினா, உங்க 'ஆ' கேமில் கால் மில்லிமீட்டர் பொய்யாகும்.

ஸ்டாப்பரைக் கழற்றிட்டு, டயல் கேஜ் முனையை ரிடெய்னர் மேல், வால்வு தண்டுக்கு நேர் கோட்டில் வைங்க. சாய்வா வச்சா அளவு தப்பும். வால்வு மூடியிருக்க முள் பூஜ்யம். டிடிசியில் வால்வைப் பிஸ்டன் தொடும் வரை அமுக்கிப் படிங்க. அதையே இன்லெட்டுக்கு டிடிசிக்குப் பின் 5, 8, 10, 15 டிகிரியில், எக்ஸாஸ்டுக்கு டிடிசிக்கு முன் அதே டிகிரிகளில். இதுதான் வால்வுக்குக் கிடைக்கும் மொத்த இடம். கேம் விற்பவரிடம் டிகிரிக்கு டிகிரி லிஃப்ட் அட்டவணை கேளுங்க. இடத்திலிருந்து லிஃப்டைக் கழித்தால் இடைவெளி. அவ்வளவுதான்.

அட்டவணை கொடுக்க மறுக்கிறவர்கிட்ட குறைந்தபட்சம் டிடிசி லிஃப்டாவது வாங்குங்க. அங்குலக் கார்டுகளில் 0.050 என்று போட்டிருப்பது பெரும்பாலும் டேப்பட் லிஃப்ட், ராக்கர் விகிதத்தால் பெருக்குவதற்கு முந்தியது. 1 மி.மீ. வால்வு லிஃப்ட் கார்டோட அதை ஒப்பிட்டா கணக்கு நாசம்.

பட்டறைக்காரன்:
டிகிரி வீலு, அட்டவணைன்னு பயமுறுத்தாதீங்கப்பா. கேம் கையில இருந்தா களிமண்ணே போதும். அதுல ஒரு கூடுதல் லாபம் இருக்கு, டயல் கேஜ்ல தெரியாத பக்கவாட்டு இடைவெளியும் அச்சா விழும்.

பிள்ளைங்க விளையாடுற எண்ணெய்ப் பசை களிமண்ணு எடுத்து 6 மி.மீ. கனத்துக்கு பட்டை போடு. பிஸ்டன் தலையை பெட்ரோல் போட்டுத் துடைச்சு, வால்வு குழியிலயும் அதைச் சுத்தி ஒரு சென்டிமீட்டர் வெளியிலயும் நல்லா ஒட்டு. வால்வு முகத்துல மெல்லிசா எண்ணெய் தடவு, தடவலைன்னா களிமண்ணு வால்வோட பிச்சுக்கிட்டு வந்துரும். கேஸ்கெட் வச்சு ஹெட்டை டார்க் பண்ணு. கேமை டைமிங் வச்சு, டேப்பட் கேப்பை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல உள்ள சந்து) பூஜ்யத்துக்குக் கொண்டா. பிளக் எல்லாம் கழட்டிட்டு கிராங்க் போல்ட்டுல ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடுற திசையில ரெண்டு முழு சுத்து. எங்கயாவது கெட்டியாத் தட்டுச்சுன்னா நிறுத்து, அமுக்காதே. பின்னாடி திருப்பாதே, அச்சு ரெண்டா விழும்.

ஹெட்டைத் தூக்கினதும் பிளேடை எண்ணெயில நனைச்சு, அச்சுக்குக் குறுக்கே வெட்டு. பாதியை எடுத்துட்டு, மிச்சத்தோட வெட்டு முகத்துல மெல்லிசான இடத்தை வெர்னியர்ல அள. வெர்னியர் தாடையை அமுக்கிட்டா களிமண்ணு இன்னும் நசுங்கும், பாத்து. வால்வு ஓரத்துக்கும் குழிச் சுவருக்கும் நடுவுல நிக்கிற களிமண்ணு சுவர்தான் பக்கவாட்டு இடைவெளி. அது 1.3 மி.மீ.க்குக் கீழ இருக்கக் கூடாது. பெரிய வால்வு போட்டவங்க மாட்டுறது அங்கதான், உயரம் சரியா இருக்கும், ஓரம் உரசும்.

கேம்கணக்கு:
களிமண்ணை எதிர்க்கவில்லை. ஆனால் அது ஒரே ஒரு எண்ணைத்தான் தரும், எந்த டிகிரியில் என்று சொல்லாது. கேமை 2 டிகிரி நகர்த்தினால் என்ன ஆகும் என்று பார்க்க மறுபடி ஹெட்டைக் கழற்றணும். டயல் கேஜில் ஒரு மேஜையிலேயே தெரிந்துவிடும். பக்கவாட்டுக்குக் களிமண், உயரத்துக்கு டயல் என்று இரண்டையும் செய்வதே என் கட்சி.

இதைப் படிக்கும் ஹைட்ராலிக் டேப்பட்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எண்ணெய் ஏறாத ஹைட்ராலிக் டேப்பட், கனமான ஸ்பிரிங் அழுத்தத்தில் உள்ளே அமுங்கும். வால்வு குறைவாகத் திறக்கும், களிமண் தாராளமாக இடம் காட்டும். இன்ஜின் ஓடி எண்ணெய் ஏறியதும் அந்த இடம் காணாமல் போகும். அளக்கும்போது மட்டும் சாலிட் டேப்பட் போட்டு, புஷ்ராட் நீளத்தைச் சரிசெய்து, கேப் பூஜ்யத்தில் அளங்கள்.

நாலுசிலிண்டர்:
அளந்தாச்சு. 1-வது சிலிண்டர், ஹெட் பிளேன் பண்ணினது, அமுங்கின கேஸ்கெட்டோட. வால்வுக்குக் கிடைக்கும் இடம், மி.மீ.:

டிடிசி: இன்லெட் 4.30, எக்ஸாஸ்ட் 5.20
5 டிகிரி: 4.52, 5.42
8 டிகிரி: 4.85, 5.75
10 டிகிரி: 5.16, 6.06
15 டிகிரி: 6.23, 7.13

விற்பவர் கொடுத்த இன்லெட் லிஃப்ட், டிடிசியிலிருந்து வரிசையாக 0, 5, 8, 10, 15 டிகிரியில்:
'அ': 1.00, 1.50, 1.86, 2.10, 2.80
'ஆ': 2.20, 2.80, 3.18, 3.45, 4.10
எக்ஸாஸ்டுக்கு டிடிசிக்கு முன் இதே எண்கள்னு சொன்னார். டேப்பட் கேப் கழிக்காத அளவு.

கேம்கணக்கு:
முதலில் உங்கள் அளவீட்டையே சோதிக்கலாம். 88 ஸ்ட்ரோக், 150 ராடுக்கு டிடிசியிலிருந்து 10 டிகிரியில் பிஸ்டன் 0.86 மி.மீ. இறங்கணும். உங்கள் இன்லெட்டில் 5.16-லிருந்து 4.30 போனால் 0.86. எக்ஸாஸ்டிலும் அதே 0.86. டிடிசிக்கு முன்னும் பின்னும் ஒரே எண் வருகிறது என்றால் டிடிசி சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். இது பொருந்தாமல் போனால் மேற்கொண்டு எதையும் கணக்கிட வேண்டாம், டிகிரி வீலை மறுபடி வையுங்கள்.

இப்போது 'ஆ', இன்லெட்: டிடிசியில் 2.10, 5-ல் 1.72, 8-ல் 1.67, 10-ல் 1.71, 15-ல் 2.13. மிக நெருக்கம் 8 டிகிரியில், 1.67. டிடிசியில் மட்டும் பார்த்திருந்தால் 2.10 என்று நிம்மதியாக மூடியிருப்பீர்கள்.

ஏன் 8-ல்? உச்சியில் பிஸ்டன் ஏறக்குறைய நிற்கிறது. 5 டிகிரியில் அது இறங்கும் வேகம் டிகிரிக்கு 0.09 மி.மீ. கூட இல்லை. 'ஆ'வின் வால்வோ டிகிரிக்கு 0.12, 0.13 என்று துரத்துகிறது. 8 டிகிரி வாக்கில்தான் பிஸ்டன் அந்த வேகத்தைத் தொட்டு, அதன் பிறகு விலகி ஓடுகிறது. லோப் இன்னும் வேகமாக ஏறினால் இந்த இடம் 10, 12 டிகிரிக்கு நகரும். அதனால்தான் 5 முதல் 15 வரை விடாமல் அளக்கச் சொல்வது.

'அ', இன்லெட்: 8 டிகிரியில் 2.99. லிஃப்ட் 1 மி.மீ. கூடுதலான கேம், இடைவெளியில் 1.3 மி.மீ. தாராளம்.

எக்ஸாஸ்ட், டிடிசிக்கு முன் 8 டிகிரியில்: 'ஆ' 2.57, 'அ' 3.89.

எஃகு ராடுக்குப் பொதுவாக வைக்கும் குறைந்தபட்ச அளவு இன்லெட் 2.0, எக்ஸாஸ்ட் 2.5 மி.மீ. அலுமினிய ராட் என்றால் இன்னும் 0.7 முதல் 1 மி.மீ. சேர்க்கணும். ஆக 'அ' அப்படியே உட்காரும். 'ஆ' இன்லெட்டில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. டேப்பட் கேப் 0.2 இருக்கிறதே என்று அதைச் சேர்த்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். பூஜ்ய கேப்பில் வரும் எண்ணே எண்.

இரட்டைக்கேம்:
ஜி, கேமை 3 டிகிரி ரிடார்ட் பண்ணிட்டா போதுமே? இன்லெட் தாமதமாத் திறக்கும், இடைவெளி கூடும்.

கேம்கணக்கு:
இன்லெட் 1.67-லிருந்து 2.05 ஆகும், உண்மை. ஆனால் இது ஒற்றைக் கேம். அதே 3 டிகிரி எக்ஸாஸ்டையும் தாமதமாக மூட வைக்கும். அங்கே 2.57 என்பது 2.2-க்கு இறங்கிவிடும். ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் பிடுங்குகிற வேலை. உங்களை மாதிரி தனித்தனி இன்லெட், எக்ஸாஸ்ட் கேம் வைத்தவர்களுக்கு இந்த வழி அருமை, இவருக்கு ஆகாது.

இன்னொன்று. ஹெட்டை 0.3 பிளேன் பண்ணியதால் கேம் கிராங்குக்கு 0.3 நெருங்கிவிட்டது. இழுக்கும் பக்கத்துச் செயின் மாறாத நீளம் என்பதால் கேம் தானாகவே சற்றுப் பின்னுக்குத் திரும்பி நிற்கும். கேம் ஸ்பிராக்கெட் ஆரம் 55 மி.மீ. என்று வைத்தால் கிராங்க் கணக்கில் சுமார் 0.6 டிகிரி ரிடார்ட். அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ஸ்பிராக்கெட் இல்லாமல் 'ஆ'வைப் போட்டால், 2.57 என்று எழுதிய எக்ஸாஸ்ட் 2.5-க்கு வந்திருக்கும்.

நாலுசிலிண்டர்:
எக்ஸாஸ்டுக்கு மட்டும் ஏன் அரை மி.மீ. கூடுதல்? இரண்டும் ஒரே பிஸ்டனைத்தானே சந்திக்குது?

டயல்கேஜ்:
இன்லெட்டை லோப் தள்ளிக்கிட்டே வருது, பிஸ்டன் அதைவிட்டு ஓடுது. எக்ஸாஸ்ட் கதை எதிர்ப்பதம். பிஸ்டன் மேலே துரத்திட்டு வருது, வால்வு தப்பிச்சு மூடணும். மூட வைக்கிறது ஸ்பிரிங் மட்டும்தான். ஆர்பிஎம் எல்லை தாண்டி ஸ்பிரிங் திணறினா வால்வு லோபை விட்டு மிதக்கும், பிஸ்டன் முதல்ல தொடுறது எக்ஸாஸ்டைத்தான். கியர் மாத்தும்போது மேலே போகவேண்டியது கீழே விழுந்து இன்ஜின் எகிறினா, வளையறது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் வால்வுதான். கூடவே அது சூட்டுல அதிகமா நீளும். செயின் தேய்ந்து நீளமானா கேம் ரிடார்ட் ஆகும், அதுவும் எக்ஸாஸ்ட் இடைவெளியைத்தான் தின்னும்.

ராட் நீட்சியையும் சேருங்க. கம்ப்ரஷன் டிடிசியில் கேஸ் அழுத்தம் பிஸ்டனைக் கீழே பிடிச்சு வைக்கும். ஓவர்லாப் டிடிசியில் அப்படி ஒண்ணும் இல்லை, பிஸ்டனோட வேகம் முழுக்க ராடை இழுக்கும். பேரிங் கேப்பும் மேல் பக்கமா அடையும். மேஜையில் கையால சுத்தும்போது இதுல எதுவும் தெரியாது. அதுக்குத்தான் அந்த 2.0, 2.5.

இதைவிடக் குறைச்சு ஓட்டுற ரேஸ் இன்ஜின்கள் உண்டு. ஸ்பிரிங் ஆயுளை மணிக்கணக்கில் எண்ணி மாத்துறவங்க அவங்க. தினமும் ஓட்டுற வண்டிக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

நாலுசிலிண்டர்:
எனக்கு மேல் ஆர்பிஎம்-ல் 'ஆ'வோட இழுவைதான் வேணும். இன்லெட்டில் குறையும் அந்த 0.33 மி.மீ.யைச் சம்பாதிக்க என்ன செய்யலாம்? கனமான கேஸ்கெட் போட்டா?

பட்டறைக்காரன்:
கேஸ்கெட் வேணாம் தம்பி. 0.4 கனம் கூட்டினா இடம் கிடைக்கும், ஆனா ஸ்குவிஷ் கேப் (பிஸ்டன் உச்சியில நிக்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவுல உள்ள சந்து) 1 மி.மீ.ல இருந்து 1.4 ஆயிடும். கம்ப்ரஷனும் இறங்கும், நாக்கிங்கும் கிளம்பும். ரெண்டு பக்கமும் நட்டம். ஹெட்டை எதுக்குப் பிளேன் பண்ணினோம்னு ஆயிடும்.

குழியை ஆழப்படுத்து. இன்லெட்டுக்கு மட்டும் 0.5 மி.மீ. வெட்டினா 1.67 என்பது 2.17 ஆயிடும். வெட்டுறதுக்கு முன்னாடி பிஸ்டனைக் கழட்டி, குழிக்கு நேர் கீழ, உள்பக்கத்துல இருந்து தலைக் கனத்தை அள. வெட்டின பிறகு 5 மி.மீ. மிஞ்சணும். வார்ப்புப் பிஸ்டன்னா அதுக்கும் மேல இருந்தா நல்லது. குழி ஓரம் மேல் ரிங் காடிக்கு எவ்வளவு கிட்ட வருதுன்னும் பாரு. ஓட்டை விழுறது நடுவுல இல்லை, அந்த மூலையில.

மையத்தைக் கண்ணால வைக்காதே. பழைய வால்வுத் தண்டு ஒண்ணை வெட்டி, நுனியைக் கூராக் கடைஞ்சு, வால்வு கைடு வழியா விட்டு, பிஸ்டன் டிடிசியில நிக்கும்போது மேல இருந்து ஒரு தட்டு. பிஸ்டன்ல விழுற புள்ளிதான் வால்வோட மையம். 34 மி.மீ. வால்வுன்னா 37 விட்டத்துக்கு கட்டர் வை, ஓரத்துக்கு 1.5 கிடைக்கும். மில்லிங்ல வால்வு எந்தச் சாய்வோ அதே சாய்வுல வெட்டணும், உனக்கு நேர்தான், வேலை சுலபம். வெட்டின விளிம்பை 600 நம்பர் எமரி ஷீட்ல மழுக்கு. கூரான விளிம்பு சூட்டுல செவந்து பிளக்குக்கு முன்னாடியே பத்த வைக்கும். நாலு பிஸ்டனையும் எடை போட்டு, லேசானதுக்கு மத்ததைக் கொண்டா.

கேம்கணக்கு:
கம்ப்ரஷன் இழப்பு அற்பம். 37 மி.மீ. விட்டம், 0.5 ஆழம், முழு வட்டம் வெட்டினாலும் சுமார் 0.54 சிசி. இவருடைய சிலிண்டர் 453 சிசி, 10.5 கம்ப்ரஷனுக்கு மேலே நிற்கும் கன அளவு 47.7 சிசி. வெட்டிய பின் 10.4. ஏற்கனவே குழி இருக்கும் இடத்தில்தான் வெட்டு விழும் என்பதால் இதையும்விடக் குறைவு.

மில்லிங் செலவே வேண்டாம் என்றால், அதே லோபை 110 செபரேஷனில் அரைத்துத் தர முடியுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஆளுக்கு 4 கிராங்க் டிகிரி டிடிசியை விட்டு விலகும். இரண்டிலும் ஏறக்குறைய அரை மி.மீ. கிடைக்கும். ஐட்லிங் நிதானமாகும், நடு ஆர்பிஎம்-ல் இழுவை சற்றுக் குறையும். தெரு வண்டிக்கு நான் இதைத்தான் முதலில் யோசிப்பேன்.

இரட்டைக்கேம்:
என்னோடது 16 வால்வு, பக்கெட் டேப்பட், இன்லெட்டில் மாறும் வால்வு டைமிங். கேம் இருக்கும்போது வால்வை அமுக்க இடமே இல்லை. எப்படி அளப்பது?

டயல்கேஜ்:
மேலே சொன்ன கேம் இல்லாத முறைதான் உங்களுக்கும். கேமைக் கழற்றி, லேசான ஸ்பிரிங் போட்டு, இடத்தை அளங்க. அப்புறம் கேமை மாட்டி, அதே டிகிரிகளில் லிஃப்டைத் தனியா அளந்து கழிங்க. வால்வு சாய்வா நிக்கிறதால டயல் முனையும் அதே சாய்வில் இருக்கணும்.

மாறும் டைமிங்கில் ஃபேசர் (கேமை முன்னும் பின்னும் திருப்புற கருவி) ஓய்வு நிலையில் அளந்து நிறுத்திடாதீங்க. முழு அட்வான்ஸில் பூட்டி வச்சு அளக்கணும். ஒரிஜினல் கேமுக்கு 40, 50 கிராங்க் டிகிரி நகர இடம் இருந்திருக்கும், பெரிய கேமுக்கு அது கிடைக்காது. இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) அட்டவணையில் குறைச்சா போதும்னு சிலர் சொல்வாங்க. ஆயில் பிரஷர் கோளாறுல ஃபேசர் தானா ஓடினா அட்டவணை காப்பாத்தாது. ஃபேசருக்குள்ளேயே லிமிட்டர் போட்டுடுங்க.

அப்புறம் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒண்ணோட ஒண்ணு இடிக்குதான்னும் பாருங்க. எதிரெதிரே சாய்ந்த பெரிய வால்வு, நெருக்கமான செபரேஷன் இரண்டும் சேர்ந்தா ஓவர்லாப்பில் அவை முட்டிக்கும். 1.5 மி.மீ. வைங்க.

நாலுசிலிண்டர்:
110 செபரேஷனில் அரைத்துத் தர ஒத்துக்கிட்டார். ஒரே சிலிண்டரில் அளந்தா போதுமா, இல்ல நாலிலும் அளக்கணுமா?

பட்டறைக்காரன்:
நாலுலயும் டிடிசியில மட்டும் இடத்தை அள. எது கம்மியோ அந்தச் சிலிண்டர்ல மட்டும் முழு அளவு எடு. வால்வு சீட்டு புதுசா வெட்டினவங்களுக்கு ஒவ்வொரு வால்வும் ஒவ்வொரு ஆழத்துல உட்காரும், அரை மி.மீ. வித்தியாசம் சாதாரணம். சீட்டுக்குள்ள இறங்கின வால்வு இடம் கூடுதலாக் காட்டும், அதை வச்சு மத்த மூணையும் முடிவு பண்ணிடாதே.

புது கேம் உட்கார்ந்ததும் ஒரிஜினல் ஸ்பிரிங்குக்குத் திரும்புறப்போ, முழு லிஃப்ட்ல சுருள் ஒண்ணோட ஒண்ணு தொடாம மொத்தமா 1.5 மி.மீ. மிஞ்சுதான்னும், ரிடெய்னர் அடிப்பக்கம் கைடு சீல்ல முட்டாம 1.3 இருக்கான்னும் பாரு. லிஃப்ட் ஏறினா மாட்டுறது அந்த ரெண்டு இடம்தான்.